காவலின்றிப் போன கோட்டை

மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுவது குப்பியில் அடைத்த திரவமோ, வில்லையோ, ஊசியோதான். அது உட்கொண்ட சில மணி நேரத்தில் தன் வேலையைச் செய்துவிட்டுக் கரைந்து போகும். மறுவேளை மீண்டும் உட்கொள்ள வேண்டும். ஆனால் உயிருள்ள மருந்து ஒன்றும் இவ்வுலகில் உண்டு. உடலுக்குள் சென்றபின் அது தானே பெருகும். பகையைத் தேடிச் செல்லும். பகை அடங்கிய பின்னரும் ஆண்டுக்கணக்கில் உறங்காது காத்திருக்கும். மனிதரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் பயிற்றுவிக்கப்பட்டு, மீண்டும் மனிதரின் இரத்தத்திலேயே செலுத்தப்படும் வெள்ளணுக்களே அம்மருந்து.

வைரஸ் நோய்களை வெல்ல இவ்வணுக்களைப் படையாகத் திரட்டிய விஞ்ஞானிகளின் வரலாற்றை இக்கட்டுரையில் நம் குடும்பங்களுக்குக் கூற விழைகிறோம். இவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு, கண்ணீரும் உண்டு, இன்னும் முடிவுறாத போராட்டமும் உண்டு. நோயாளிகளைப் பேணும் வீடுகள் நம் பங்குகளில் பல. மெய்யான நம்பிக்கை எது, வெறும் ஆசை வார்த்தை எது என்று பகுத்தறிய இது பயன்படுமாயின் நம் நோக்கம் நிறைவேறும்.

உடலின் காவலர்

பாக்டீரியா எனும் நுண்கிருமிகளை அழிக்கப் பெனிசிலின் முதலிய மருந்துகள் உள்ளன. வைரஸிடம் அவை பலிப்பதில்லை. காரணம், வைரஸ் தனித்துப் பெருகும் ஆற்றல் அற்றது. அது நம் உயிரணு ஒன்றினுள் நுழைந்து, அவ்வணுவின் தொழிற்கூடத்தையே தன் வசமாக்கிக் கொண்டு, தன்னைப் போன்ற பல்லாயிரம் பிரதிகளைச் செய்விக்கிறது. வீட்டுக்குள் ஒளிந்த திருடனை அழிக்க வீட்டையே கொளுத்த முடியுமா? வைரஸுக்கு மருந்து காண்பதில் உள்ள இடர்ப்பாடு இதுவே. சில வைரஸ்களுக்கு நல்ல மருந்துகள் கிடைத்துள்ளன. பலவற்றுக்கு இன்றளவும் இல்லை.

எனினும் நம்முள் பெரும்பாலோர் வைரஸ் காய்ச்சல் வந்தும் பிழைத்தெழுகிறோம். இறைவன் நம் உடலில் அமைத்துள்ள காவற்படையே இதற்குக் காரணம். அப்படையில் இரு பிரிவினரை இங்கே அறிந்துகொள்ளல் வேண்டும். முதலாவது, பி அணுக்கள். இவை எதிர்ப்பொருள்களைச் சுரந்து, இரத்தத்தில் மிதந்து வரும் கிருமிகளைப் பிடிக்கின்றன. இரண்டாவது, டி அணுக்கள். நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் எனும் சுரப்பியில் இவை பக்குவம் அடைகின்றன. கிருமி புகுந்துவிட்ட உயிரணுவைக் கண்டறிந்து அதனை அழிப்பது இவற்றுள் ஒரு வகையின் கடமை.

உள்ளே ஒளிந்திருப்பதை வெளியே நிற்கும் டி அணு எவ்வாறு அறிகிறது? ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. டி அணு அவற்றைத் தொட்டுப் பார்த்துச் செல்கிறது. அத்துண்டு தன் உடலுக்கு உரியதாயின் விட்டுவிடுகிறது. அந்நியமாயின் அந்த உயிரணுவை அழித்துவிடுகிறது. ஒரு முறை கண்ட பகைவனை அது மறப்பதுமில்லை. அந்நினைவைச் சுமந்த அணுக்கள் பல்லாண்டுகள் நம் இரத்தத்தில் வாழ்கின்றன.

இந்நினைவு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஒரு சான்று. ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் எனும் அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் விரைந்து வளரும் ஒருவகைப் புற்றுக் கட்டியைக் கண்டு, அதைப்பற்றி 1961-இல் இலண்டன் மாநகரில் உரையாற்றினார். அவ்வுரையைக் கேட்ட ஆண்டனி எப்ஸ்டீன், அக்கட்டியில் வைரஸ் இருக்கக்கூடும் என எண்ணினார். உகாண்டாவிலிருந்து விமானத்தில் வந்த கட்டித் துணுக்குகளை ஆராய்ந்து, 1964-இல் அவரும் பெர்ட் அச்சாங், இவான் பார் ஆகியோரும் அந்த வைரஸை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர்.

வியப்புக்குரிய செய்தி யாதெனில், உலகில் வயது வந்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோரின் உடலில் இவ்வைரஸ் குடியிருக்கிறது. இதை எழுதும் நம்முள்ளும், இதைப் படிக்கும் பெரும்பாலோருள்ளும் அது இருக்கிறது! பி அணுக்களுக்குள் புகுந்து வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்கிவிடும் அதனை, நம் டி அணுக்கள் தலைதூக்க விடாமல் காத்து வருகின்றன. காவலர் விழித்திருக்கும் வரை கவலையில்லை. காவலர் இல்லாது போனால் என்ன நேரும்? அதனை உலகிற்குக் காட்டியது ஒரு சிறுவனின் வாழ்வு.

ஹூஸ்டன் நகரத்துச் சிறுவன்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரில் 1971 செப்டம்பர் 21 அன்று டேவிட் வெட்டர் பிறந்தான். அவனுக்கு முன் பிறந்த ஆண்குழந்தை, நோயெதிர்ப்பு ஆற்றலே இல்லாத கொடிய பிறவிக் குறைபாட்டினால் ஏழு மாதத்தில் இறந்துவிட்டது. அடுத்து ஆண்மகவு பிறப்பின் அதற்கும் அக்குறை இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று என மருத்துவர்கள் கூறியிருந்தனர். அஞ்சியவாறே ஆயிற்று. பிறந்த சில நொடிகளிலேயே, கிருமிகள் அணுகாதவாறு காற்று வடிகட்டப்பட்ட பிளாஸ்டிக் கூடத்தினுள் டேவிட் வைக்கப்பட்டான்.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவனுக்குக் கிருமி நீக்கிய தீர்த்தத்தைக் கொண்டே திருமுழுக்கு அளிக்கப்பட்டது. உணவும், உடையும், பொம்மையும், புத்தகமும் கிருமி நீக்கப்பட்ட பின்னரே உள்ளே சென்றன. சுவரில் பொருத்திய கறுப்புக் கையுறைகளின் வழியாகவே தாயும் அவனைத் தொட முடிந்தது. 1977-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் அவனுக்கெனத் தனி உடை ஒன்றைச் செய்து அளித்தது. அதை அணிந்து அவன் சில முறை வெளியே நடந்தான்.

அவனைக் குணப்படுத்த ஒரே வழி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. ஆயின் முற்றிலும் பொருந்தும் மஜ்ஜை எவரிடமும் கிடைக்கவில்லை. பொருந்தாத மஜ்ஜையைக் கொடுத்தால், அதிலுள்ள கொடையாளியின் டி அணுக்கள் நோயாளியின் உடலையே அந்நியம் எனக் கருதித் தாக்கும். தோல், குடல், கல்லீரல் யாவும் சிதையும். கொடை கொடுத்தவரின் அணு, பெற்றவரின் உடலோடு போரிடும் இந்நிலைக்கு மருத்துவர்கள் பெரிதும் அஞ்சினர்.

1980-களின் தொடக்கத்தில், மஜ்ஜையிலிருந்து டி அணுக்களை மட்டும் அகற்றிவிடும் முறை பாஸ்டன் நகரில் உருவாயிற்று. அம்முறையால் தூய்மை செய்யப்பட்ட தமக்கை கேத்தரினின் மஜ்ஜை, 1983 அக்டோபரில் டேவிட்டுக்குச் செலுத்தப்பட்டது. அஞ்சிய போர் மூளவில்லை. குடும்பத்தார் மகிழ்ந்தனர். சில வாரங்கள் கழிந்தன. பின்னர் காய்ச்சலும், வாந்தியும், வயிற்றுப்போக்கும் தொடங்கின. 1984 பிப்ரவரி 7 அன்று, சிகிச்சைக்காக அவனைக் கூடத்திலிருந்து வெளியே எடுத்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகத் தாயின் கை, இடையில் ஏதுமின்றி மகனைத் தீண்டியது. பதினைந்து நாட்களில், பிப்ரவரி 22 அன்று, டேவிட் இறந்தான்.

பிரேதப் பரிசோதனையில் உண்மை வெளிப்பட்டது. அவனுடைய உடலெங்கும் பி அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றாய் மாறியிருந்தன. அவற்றுள் இருந்தது எப்ஸ்டீன்-பார் வைரஸ். தமக்கையின் உடலில் எவ்விதத் தீங்கும் செய்யாது அடங்கிக் கிடந்த அவ்வைரஸ், மஜ்ஜையோடு கலந்து தம்பியின் உடலுக்கு வந்துவிட்டது. அதனை அடக்கி வைத்திருந்த காவலர்களான டி அணுக்களோ, முன்னரே நீக்கப்பட்டிருந்தன. காவலின்றிப் போன கோட்டைக்குள் பகைவன் மட்டும் நுழைந்தான்!

இச்சாவுக்கு யாரையும் குறை கூறல் தகாது. தமக்கை அன்பினால் அளித்தாள். மருத்துவர்கள் அன்றைய அறிவின் எல்லை வரை சென்று முயன்றனர். ஆயினும் அந்த இழப்பு விஞ்ஞானிகளின் முன் ஒரு கேள்வியை வைத்தது. கொடையாளியின் டி அணுக்கள் எல்லாவற்றையும் கொடுத்தால் அவை நோயாளியையே தாக்கும். ஒன்றையும் கொடாவிட்டால் வைரஸ் கொல்லும். இவற்றுள் வைரஸை அறிந்த அணுக்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொடுக்க முடியாதா?

பொறுக்கியெடுத்த படை

முடியும் என்பதற்கு முதல் அறிகுறி சியாட்டில் நகரிலிருந்து வந்தது. ஸ்டான்லி ரிடெல், பிலிப் கிரீன்பர்க் ஆகியோரின் குழுவினர், சைட்டோமெகலோ எனும் வேறொரு வைரஸை எதிர்க்கும் டி அணுக்களைக் கொடையாளியிடமிருந்து பிரித்து வளர்த்து, மஜ்ஜை மாற்றம் பெற்ற மூவருக்குச் செலுத்தினர். அவர்களுக்குக் கேடு விளையவில்லை. வைரஸை எதிர்க்கும் ஆற்றல் திரும்பியது. இதனை அவர்கள் 1992-இல் வெளியிட்டனர். 1994-இல் நியூயார்க் மருத்துவர்கள், எப்ஸ்டீன்-பார் வைரஸால் புற்று கண்ட ஐவருக்குக் கொடையாளியின் வெள்ளணுக்களைப் பிரிக்காமல் அப்படியே செலுத்தினர். ஐவரின் கட்டிகளும் கரைந்தன. ஆனால் அஞ்சிய அந்த உட்பகையும் உடன் வந்தது.

அதே காலத்தில் மெம்ஃபிஸ் நகரில் மற்றொரு குழு உழைத்துக் கொண்டிருந்தது. அவர்கள் பணியாற்றிய குழந்தைகள் மருத்துவமனையின் பெயர் நம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. அது புனித யூதா ததேயுவின் பெயரைத் தாங்கியது. கைவிடப்பட்ட வேளைகளின் பாதுகாவலராக நாம் போற்றும் அப்புனிதரிடம், வறுமையில் வாடிய ஒரு நடிகர் பொருத்தனை செய்திருந்தார். டேனி தாமஸ் எனும் அவர், பின்னாளில் புகழ்பெற்றபோது அதை நிறைவேற்ற எழுப்பிய மருத்துவமனை அது. 1962-இல் திறக்கப்பட்டது. சிகிச்சைக்கெனக் குடும்பங்களிடம் அங்கே பணம் கேட்பதில்லை.

அங்கே மால்கம் பிரென்னர், கிளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லப் ஆகியோர் வகுத்த முறை இது. கொடையாளியிடமிருந்து சிறிது இரத்தம் எடுத்து, அதிலுள்ள பி அணுக்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸை ஆய்வுக்கூடத்திலேயே புகுத்தினர். அவ்வணுக்கள் வைரஸின் துண்டுகளை ஏந்திக் காட்டின. அவற்றின் பெருகும் ஆற்றலைக் கதிரியக்கத்தால் ஒடுக்கிவிட்டு, அதே கொடையாளியின் டி அணுக்களை அவற்றோடு சேர்த்து வளர்த்தனர். வைரஸை அறியும் டி அணுக்கள் மட்டும் தூண்டப்பட்டுப் பெருகின. ஏனையவை தாமே மடிந்தன. களத்தில் நெல்லைத் தூற்றினால் மணி நிற்கப் பதர் பறப்பதுபோல, வேண்டிய அணுக்கள் மட்டும் எஞ்சின.

இதனோடு அவர்கள் வேறொன்றும் செய்தனர். சலவைத் தொழிலாளி, வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்கக் கறுப்பு மையால் ஓரத்தில் குறியிடுவதை நாம் அறிவோம். அவ்வாறே இவ்வணுக்களுள் மரபணு ஒன்றை நுழைத்து அடையாளம் இட்டனர். அக்குறி நோயைத் தீர்ப்பதன்று. செலுத்திய அணுக்கள் உடலில் பிழைத்தனவா, மறைந்தனவா என்பதைப் பின்னாளில் இரத்தத்தைச் சோதித்து அறிவதற்கே அது.

1995-இல் முதல் பத்து நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. அவர்களுள் மூவருக்கு வைரஸ் ஏற்கெனவே பெருகத் தொடங்கியிருந்தது. அணுக்களைச் செலுத்திய மூன்று, நான்கு வாரங்களில் அது சாதாரண அளவுக்குத் தாழ்ந்தது. பின்னர் இக்குழுவினர் ஹூஸ்டன் நகருக்கே பெயர்ந்தனர். டேவிட் வாழ்ந்து மறைந்த அதே குழந்தைகள் மருத்துவமனையோடும், பெய்லர் மருத்துவக் கல்லூரியோடும் இணைந்த உயிரணு சிகிச்சை மையத்தில் பணியைத் தொடர்ந்தனர்.

2010-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கைச் சற்று நிதானமாகக் காண்போம். மூன்று மருத்துவமனைகளில் மஜ்ஜை மாற்றம் பெற்ற 114 பேருக்கு இவ்வணுக்கள் செலுத்தப்பட்டன. அவர்களுள் 101 பேர் நோய் வருமுன் காக்கும் பொருட்டுப் பெற்றவர்கள். அவர்களில் ஒருவருக்கேனும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் புற்று வரவில்லை. எஞ்சிய 13 பேர் நோய் கண்ட பின்னர் பெற்றவர்கள். அவர்களுள் 11 பேர் முற்றிலும் குணமடைந்தனர். குறியிடப்பட்ட அணுக்களோ, ஒன்பது ஆண்டுகள் வரை நோயாளிகளின் இரத்தத்தில் உயிரோடு இருந்தன! ஒரு முறை செலுத்திய மருந்து ஒன்பது ஆண்டுகள் காவல் நிற்பதை மருந்துக் குப்பிகளின் உலகில் எங்கே காண்போம்?

வெற்றியின் மறுபக்கம்

ஆயினும் இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று. ஒரு நோயாளிக்கு டி அணுக்கள் கட்டியைத் தாக்கத் தொடங்கியதும், போர்க்களமாகிய அவ்விடம் வீங்கி மூச்சுக்குழலை அடைத்தது. தொண்டையில் துளையிட்டுச் சுவாசம் அளிக்க நேர்ந்தது. அவர் பின்னர் பிழைத்தார். மற்றொருவரிடம் வைரஸ், டி அணுக்கள் எப்பகுதியைக் கண்டு தன்னை அடையாளம் காணுமோ அப்பகுதியையே உதறிவிட்டு வேற்றுருக் கொண்டது. காவலர் அதனை அறியவில்லை, நோயாளி இறந்தார். பகைவனின் ஒரு முகத்தை மட்டும் கற்ற காவலரை அவன் மாறுவேடத்தில் கடந்துவிடுவான் என்பதை விஞ்ஞானிகள் இதனால் உணர்ந்தனர். பின்னர் வைரஸின் பல புரதங்களையும் ஒருங்கே அறியும் அணுக்களை வளர்க்கலாயினர்.

அடுத்த தடை காலம். ஒரு நோயாளிக்கென அணுக்களை வளர்த்தெடுக்க முதலில் மாதக்கணக்கில் ஆயிற்று. நோய் மாதக்கணக்கில் காத்திருக்குமா? இன்று உயிருள்ள வைரஸுக்குப் பதிலாக, அதன் புரதங்களின் சிறு துண்டுகளைச் செயற்கையாகச் செய்து அவற்றைக் கொண்டே டி அணுக்களைத் தூண்டுகின்றனர். ஏறத்தாழப் பத்து நாட்களில் அணுக்கள் ஆயத்தமாகின்றன.

இதனினும் விரைவான வழியை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டோரதி கிராஃபோர்டு, தன்சினா ஹக் ஆகியோர் காட்டினர். இரத்த வங்கியைப் போலவே டி அணு வங்கி ஒன்றை அவர்கள் அமைத்தனர். நலமுள்ள கொடையாளிகளின் அணுக்களை முன்னதாகவே வளர்த்து உறையவைத்துக் கொண்டு, நோயாளியின் திசுவுக்கு இயன்றவரை பொருந்துவதைத் தேர்ந்தெடுத்துச் செலுத்தினர். பிற சிகிச்சைகள் பலிக்காத 33 பேருள் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் ஆறு மாதத்திலும் பயன் கண்டிருந்தனர் என 2007-இல் அறிவித்தனர். ஹூஸ்டன் குழுவினரும் மூன்று வைரஸ்களுக்கு எதிராக இத்தகைய வங்கி அணுக்களை 50 பேருக்கு அளித்து, ஏறத்தாழ நால்வரில் மூவர் பயன் பெற்றதாக 2013-இல் வெளியிட்டனர். முன்பின் அறியாத ஒருவரின் இரத்தத்தில் பிறந்த அணுக்கள், தொலைவிலுள்ள வேறொருவரைக் காக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

இவ்வழியில் நியூயார்க் நகரில் தோன்றிய ஒரு சிகிச்சைக்கு, 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி வழங்கியது.  ஏனைய சிகிச்சைகள் கைவிட்ட எப்ஸ்டீன்-பார் புற்று நோயாளிகள் 43 பேருள் 22 பேருக்கு அது பலன் அளித்தது.

ஆனால் அடுத்த ஆண்டே வேறொரு செய்தி வந்தது. ஹூஸ்டனில் தோன்றிய, ஐந்து வைரஸ்களை ஒருங்கே எதிர்க்கும் அணு மருந்து ஒன்று, தொடக்க ஆய்வில் 38 பேருள் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் தந்ததென 2017-இல் அறிவிக்கப்பட்டிருந்தது. பலரும் அதன்மீது பெருநம்பிக்கை வைத்தனர். பின்னர் பெரிய அளவில், பாதி நோயாளிகளுக்கு மெய்மருந்தும் பாதிப்பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்து ஒப்பிடும் முறையில் மூன்று ஆய்வுகள் நடந்தன. வெற்று மருந்து பெற்றவர்களைவிட இவர்கள் மேலான நிலையில் இருக்கக் காணோம். 2023 டிசம்பரில் மூன்று ஆய்வுகளும் நிறுத்தப்பட்டன.

இது எவ்வாறு நேர்ந்தது? மஜ்ஜை மாற்றம் பெற்றவரின் சொந்த எதிர்ப்பாற்றலும் நாளடைவில் திரும்பி வருவதுண்டு. ஒப்பிட எவருமின்றி நோயாளிகளை மட்டும் கண்ணுற்றால், தானே தேறியவரையும் மருந்தால் தேறியவர் என்று எண்ணிவிடுவோம். அம்முயற்சியை நிறுத்தியதும் விஞ்ஞானத்தின் நேர்மையே ஆகும்.

எய்ட்ஸ் நோயும் அணுக்களின் சீரமைப்பும்

இதுவரை கூறியவை, அணுக்களைப் பயிற்றுவித்த வரலாறு. அணுக்களின் அமைப்பையே மாற்றும் முயற்சி எய்ட்ஸ் நோயில் நடந்து வருகிறது. எய்ட்ஸ் வைரஸ் மிகவும் வஞ்சகமானது. அது காவலரின் மீதே பாய்ந்து, டி அணுக்களையே தன் இருப்பிடமாகக் கொள்கிறது. மருந்துகள் அதனை அடக்குகின்றன; வேரோடு அகற்றுவதில்லை.

இவ்வைரஸ் டி அணுவினுள் நுழைய இரு பிடிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று சிசிஆர்-5 எனும் புரதம். வட ஐரோப்பிய மரபினருள் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குப் பிறப்பிலேயே இப்புரதம் அமைவதில்லை. அவர்களை இவ்வைரஸின் பெரும்பாலான வகைகள் தொற்ற முடிவதில்லை. பெர்லின் நகரில் எய்ட்ஸ் வைரஸும் இரத்தப் புற்றும் ஒருங்கே கொண்ட டிமதி பிரவுன் என்பவருக்கு, இத்தகைய கொடையாளி ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, மருத்துவர் கெரோ ஹுட்டர் 2007-இல் மஜ்ஜை மாற்றம் செய்வித்தார். அதன்பின் அவர் மருந்தின்றியே வைரஸிலிருந்து விடுபட்டு வாழ்ந்தார். 2020-இல் இரத்தப் புற்று மீண்டும் தாக்கியதால் இறந்தாரேயன்றி, எய்ட்ஸ் வைரஸ் அவரிடம் திரும்பவில்லை.

மஜ்ஜை மாற்றம் உயிருக்கே ஆபத்தானது. புற்று இல்லாதவருக்குச் செய்யத் தகாதது. ஆதலின் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஜூன் முதலியோர், நோயாளியின் சொந்த டி அணுக்களை எடுத்து, மரபணுக் கத்தரி போன்ற ஒரு புரதத்தால் சிசிஆர்-5 மரபணுவைச் சிதைத்து, மீண்டும் அவருக்கே செலுத்தினர். 2014-இல் 12 நோயாளிகளின் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் சிலர் மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் மருந்தை நிறுத்தியபோது, வைரஸ் திரும்பியது. ஆனால் மாற்றப்பட்ட அணுக்கள் மற்றவற்றைவிட மெதுவாகவே குறைந்தன. கதவில் தாழ் விழுந்திருந்தது. எனினும் எல்லாக் கதவுகளிலும் விழவில்லை.

இதற்கு முன்னரே, வைரஸ் பற்றிய அணுவை அடையாளம் காணும் செயற்கை உணர்கருவி ஒன்றை டி அணுவில் பொருத்தும் முயற்சியும் நடந்தது. அவ்வணுக்களைப் பெற்ற 43 பேரைப் பற்றி 2012-இல் வெளிவந்த அறிக்கை, அவை பத்தாண்டுக்கு மேலும் உடலில் நிலைத்ததையும், மரபணு மாற்றத்தால் புற்று எதுவும் தோன்றாததையும் காட்டியது. வைரஸை அவை ஒழிக்கவில்லை. ஆயினும் அதே தத்துவத்தில் பின்னர் உருவான அணுக்கள்தாம் சில இரத்தப் புற்றுகளை வெல்லும் சிகிச்சையாக 2017 முதல் அனுமதி பெற்று வருகின்றன. ஒரு நோய்க்கெனத் தீட்டிய வாள் மற்றொரு நோயை வெட்டிற்று.

நம் குடும்பங்களுக்கு

மரபணுவை மாற்றுதல் என்றதும் நம் வாசகர் சிலரின் மனத்தில் ஐயம் எழக்கூடும். இது படைத்தவரின் அதிகாரத்தில் தலையிடுவதாகாதா? கருவிலுள்ள சிசுவைச் சிதைத்து எடுக்கும் அணுக்களா இவை? இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. நாம் மேலே கூறிய டி அணுக்கள், ஒப்புதல் அளித்த கொடையாளியின் அல்லது நோயாளியின் இரத்தத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. முதற் கேள்வியைப் பற்றித் திருச்சபை 2008-இல் வெளியிட்ட ‘மனித மாண்பு’ பற்றிய போதனை ஏடு தெளிவு தருகிறது. நோயைத் தீர்க்கும் நோக்குடன், நோயாளியின் உடலணுக்களில் மட்டும் செய்யப்படும் மரபணு மாற்றம் கொள்கையளவில் ஏற்கத்தக்கது. வழித்தோன்றல்களுக்குச் செல்லும் வகையில் இனப்பெருக்க அணுக்களை மாற்றுவதோ, இன்றைய நிலையில் ஏற்கத்தக்கதன்று. டி அணுவில் செய்யும் மாற்றம் அம்மனிதரோடு முடிந்துவிடுகிறது, பிள்ளைகளுக்குச் செல்வதில்லை.

மஜ்ஜை மாற்று சிகிச்சை நம் நாட்டிலும் வேரூன்றிய ஒன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் அது நடைபெற்று வருகிறது. நம் குடும்பங்களில் யாரேனும் இச்சிகிச்சைக்கு ஆயத்தமாக நேரிடின், மஜ்ஜை பொருந்தியதோடு கவலை தீர்ந்தது என எண்ணிவிடலாகாது. புதிய காவலர் வளரும் வரையுள்ள மாதங்களே வைரஸ்களின் காலம். மருத்துவர் மீண்டும் மீண்டும் இரத்தம் சோதிப்பதும், பார்வையாளரைத் தடுப்பதும், சிறு காய்ச்சலுக்கும் உடனே வரச்சொல்வதும் இக்காரணம் பற்றியே. நோயுற்றவரைக் கண்டு ஆறுதல் கூற விழையும் உற்றார், அம்மாதங்களில் தொலைவில் நிற்பதும் அன்பின் செயலே.

மற்றோர் எச்சரிக்கையும் கூற வேண்டியுள்ளது. அணு சிகிச்சை என்ற பெயரின் புகழைப் பயன்படுத்தி, எல்லா நோய்க்கும் தம்மிடம் தீர்வு உண்டு என விளம்பரம் செய்வோர் உளர். தாலியை அடகு வைத்தும், நிலத்தை விற்றும் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இச்சிகிச்சைக்கு அரசின் அனுமதி உண்டா? இதைப் பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு உண்டா? இதனால் வரக்கூடிய தீங்குகளை எழுத்தில் தருவீர்களா? மெய்யான மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளமாட்டார். மேலே நாம் கண்ட விஞ்ஞானிகள், தம் தோல்வியையும் எண்ணிக்கையோடு எழுதி வைத்தவர்கள் என்பதை நினைவிற்கொள்க.

இச்சிகிச்சைகள் இன்று பெரும் பொருட்செலவில், உலகின் சில இடங்களில் மட்டுமே கிடைக்கின்றன. வைரஸுக்கு ஏழை, செல்வர் என்ற வேற்றுமை இல்லை, மருந்துக்கோ உண்டு. இந்த இடைவெளியைக் குறைப்பது அறிவியலார் மட்டும் செய்யத்தக்க பணியன்று. அரசுகளும், மருத்துவமனைகளும், அறநிலையங்களும் சேர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்பு அது. தனி மனிதர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. டி அணு வங்கியாயினும், மஜ்ஜை மாற்றமாயினும், அதன் தொடக்கம் நலமுள்ள ஒருவர் மனமுவந்து நீட்டும் கைதான். அந்தக் கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தம் இல்லையேல், இத்துணை அறிவும் பயனற்றுப் போகும். நம் இல்லங்களில் பதினெட்டு வயது நிறைந்த மக்கள் இருப்பின், இரத்ததானத்தையும் மஜ்ஜைக் கொடைக்குப் பெயர் பதிவதையும் பற்றி இன்றிரவு உணவின்போது அவர்களோடு பேசுங்கள்.